மொழியியலும் தத்துவமும் சேர்த்துப் படிப்பது: உள்ளே என்ன நடக்கிறது, எங்கே சறுக்கும்?

கயல்_சேலம்:

எம்.ஐ.டி.யில் மொழியியலும் தத்துவமும் ஒரே துறை. பாட எண்கள் எல்லாம் 24-இல் தொடங்கும். ஆக்ஸ்போர்டில் உளவியல், தத்துவம், மொழியியல் மூன்றில் இரண்டைச் சேர்த்து 3 வருடத்தில் பி.ஏ. வாங்கலாம். எடின்பரோவில் இதே சேர்க்கை 4 வருடம், அங்கே இளநிலைப் பட்டத்துக்கே எம்.ஏ. என்றுதான் பெயர். பாடத்திட்டத்தை வாசித்தால் தலைப்புகள் தெரிகின்றன. உள்ளே என்ன வேலை நடக்கிறது என்பது பிடிபடவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டும் எந்த இடத்தில் ஒட்டுகின்றன? கணக்கு எவ்வளவு வேண்டும்? சேருகிறவர்கள் எதில் தடுமாறுகிறார்கள்? இந்தியாவுக்குள் இதற்கு வழி இருக்கிறதா? "ஆர்வம் இருந்தால் போதும்" என்ற வகைப் பதில் வேண்டாம், ப்ளீஸ்.

தொடைவிகற்பம்:

ஒட்டும் இடம் பொருண்மையியல் (சொல்லும் வாக்கியமும் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் பிரிவு). வேறு இடங்களிலும் உறவு உண்டு, ஆனால் இரு துறைக்காரரும் ஒரே கரும்பலகை முன் நின்று ஒரே வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவது இங்கேதான்.

சுருக்கமாக வரலாறு. "எல்லா", "சில" போன்ற அளவைச் சொற்களை நவீன தர்க்கத்துக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மன் தர்க்கவியலாளர் பிரெகே (1879). அது கணிதத்துக்கு ஆகும், பேச்சு மொழிக்கு ஆகாது என்பதே தர்க்கவியலாளர் பலருடைய எண்ணமாக நெடுங்காலம் இருந்தது. 1970-ஐ ஒட்டி ரிச்சர்டு மாண்டேகு என்ற தர்க்கவியலாளர் ஆங்கில வாக்கியங்களையே தர்க்க வாக்கியங்களைப் போல நடத்திக் காட்டினார். 1971-இல் அவர் இறந்துபோனார். அவர் முறையை மொழியியலாளர்கள் கையில் சேர்த்ததில் பெரும்பங்கு மொழியியலாளர் பார்பரா பார்ட்டீயுடையது. 1977-இல் இரு துறைகளின் பெயரையும் தாங்கிய ஆய்விதழே வந்துவிட்டது.

இனி வேலை. இந்த வாக்கியத்தை எடுங்கள்: "ஒரு மாணவர் எல்லாப் புத்தகத்தையும் படிச்சார்."

இதற்கு எத்தனை பொருள்? ஒரே ஆள் எல்லாவற்றையும் படித்தார் என்பது ஒன்று. ஒவ்வொரு புத்தகத்தையும் யாரோ ஒரு மாணவர் படித்தார், ஆள் மாறலாம் என்பது இன்னொன்று. இரண்டாவது பொருள் தமிழில் உண்மையிலேயே கிடைக்கிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? புதிதாக வருகிறவர்கள் செய்வது: "மாலா மூன்று புத்தகத்தையும் படித்தாள்" என்று ஒரு சூழலைச் சொல்லி, வாக்கியம் சரியா என்று கேட்பது. அதில் ஒன்றும் தெரியாது. அந்தச் சூழலில் இரண்டு பொருளும் உண்மை. முதல் பொருள் உண்மையானால் இரண்டாவது தானாகவே உண்மை ஆகிவிடும் என்பதுதான் காரணம். பிரித்துக் காட்டும் சூழல் வேறு: மாலா ஒன்று, ரவி ஒன்று, சலீம் ஒன்று படித்தார்கள். இந்தச் சூழலில் "சரி" என்று சொன்னால் இரண்டாம் பொருள் இருக்கிறது. "இல்லையே, ஒருத்தர் எல்லாத்தையும் படிக்கலையே" என்றால் இல்லை.

எந்தப் பொருள் எதை உள்ளடக்குகிறது என்று பார்க்கத் தர்க்கம் வேண்டும். சூழலை அமைத்து, சொல்வரிசையை மாற்றிப் பார்த்து, பேசுபவரின் தீர்ப்பை வாங்க மொழியியல் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கணக்கு தப்பும். கூட்டுப்பட்டம் ஏன் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

அளவையாளன்:

கணக்கு பற்றி. நுண்கணிதம் தேவையில்லை. கணம், சார்பு, உறவு மூன்றும் கையில் பழகியிருக்க வேண்டும். பிளஸ் ஒன் கணிதத்தில் முதல் பாடமாக வருவதுதான். அதைத் தாண்டி ஒரு முழுப் பருவம் தர்க்கம், அதுவும் முதல் வருடத்திலேயே. இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிப்போடுகிறவர்களுக்குப் பொருண்மையியல் வகுப்பும் மொழித்தத்துவ வகுப்பும் ஒரே நேரத்தில் கைநழுவும்.

ஒரு பருவத்துக்கு 13 வாரம் என்று வைத்தால், உண்மை அட்டவணைக்கு 2 வாரம், கூற்றுத் தர்க்கத்தில் (முழு வாக்கியங்களை இணைக்கும் தர்க்கம்) நிறுவல், அதாவது ஒரு முடிவைப் படிப்படியாகக் காட்டுவது, எழுத 4 வாரம், அளவைச் சொற்களோடு வரும் பயனிலைத் தர்க்கத்துக்கு 5 வாரம், ஒருமைக் குறிக்கு (இன்னதும் இன்னதும் ஒன்றே என்பது) மீதி 2. நிறுவலைப் படித்துப் புரிந்துகொள்வது எந்தப் பலனும் தராது. மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் எழுத வர வேண்டும்.

தமிழ் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நம் மொழியிலேயே விடையும் இருக்கிறது. இரண்டு வாக்கியம்:

பாஸ் ஆனால் வேலை கிடைக்கும்.
பாஸ் ஆனால்தான் வேலை கிடைக்கும்.

முதலாவதில் அம்புக்குறி பாஸிலிருந்து வேலைக்கு. பாஸ் ஆகி வேலை கிடைக்காவிட்டால் பொய். இரண்டாவதில் அம்புக்குறி வேலையிலிருந்து பாஸுக்கு. பாஸ் ஆகாமலே வேலை கிடைத்தால் பொய், பாஸ் ஆகியும் கிடைக்காமல் போனால் பொய்யாகாது. ஒரு "தான்" சேர்ந்ததும் திசை மாறிவிடுகிறது. ஆங்கிலப் பாடநூலில் இந்த இடம் வரும்போது, அங்குள்ள சொற்களை மனப்பாடம் செய்யாமல் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "ஆனால்" வருமா, "ஆனால்தான்" வருமா என்று காது சொல்லிவிடும்.

வல்வை_மைந்தன்:

இலங்கைப் பிள்ளைகள் இதில் ஒரு படி முன்னுக்கு நிற்கினம் என்பதையும் சொல்லவேணும். உயர்தரக் கலைப்பிரிவில் "அளவையியலும் விஞ்ஞானமுறையும்" என்று தனிப் பாடமே இருக்கு, தமிழ் மொழிமூலம் எடுக்கலாம். நியாயத்தொடை (இரண்டு கூற்றிலயிருந்து மூன்றாவதைப் பெறுறது), குறியீட்டு அளவையியல், விஞ்ஞான முறை எல்லாம் அதுக்குள்ள வரும். பல்கலைக்கழகத்தில முதல் பருவத்தில படிப்பிக்கிறதில ஒரு பங்கு ஏற்கெனவே கையில இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உயர்தரத்தில படிச்ச நியாயத்தொடையில "எல்லா மனிதரும் இறப்பவர்" மாதிரி ஒரு அளவைச் சொல் வாற வாக்கியங்கள்தான் நல்லா நடக்கும். தொடைவிகற்பம் அண்ணா காட்டின மாதிரி ஒரே வாக்கியத்துக்குள்ள இரண்டு அளவைச் சொல் வந்தால் பழைய முறை கையை விரிச்சிடும். அந்த இடத்திலதான் பயனிலைத் தர்க்கம் தொடங்குது. "எங்களுக்கு அளவையியல் தெரியும்" என்று அந்த வகுப்பை விட்டுவிடக் கூடாது.

கயல்_சேலம்:

நன்றி. லாம்டா, லாம்டா என்று எல்லாப் பாடத்திட்டத்திலும் வருகிறதே, அதைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

தொடைவிகற்பம்:

லாம்டா என்பது சார்பு எழுதும் முறை, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விடுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயர்ச்சொல் ஒரு பொருளைக் குறிக்கிறது. வாக்கியம் உண்மை அல்லது பொய். "தூங்குகிறது" போன்ற வினை, ஒரு பொருளை வாங்கிக்கொண்டு உண்மை-பொய்யைத் திருப்பித் தரும் சார்பு. இதுவரை சுலபம். "எல்லாக் குழந்தையும்" என்பது எந்தப் பொருளையும் குறிக்கவில்லை. அதனால் அங்கே வேலை தலைகீழாகிறது: "எல்லாக் குழந்தையும்" என்பதே சார்பு, "தூங்குகிறது" என்பதை அது வாங்கிக்கொள்கிறது. எழுவாய் இடத்தில் இது அழகாக நடக்கும். செயப்படுபொருள் இடத்தில் முட்டும். "மாலா எல்லாக் குழந்தையையும் பார்த்தாள்" என்பதில் "பார்த்தாள்" இரண்டு பொருள்களைக் கேட்கிறது, பக்கத்தில் இருப்பதோ பொருளே இல்லை. இந்த முட்டுக்கட்டையை அவிழ்க்க இரண்டு வழி. அளவைத் தொடரை அமைப்பு மரத்தில் மேலே ஏற்றி, அது இருந்த இடத்தில் ஒரு மாறியை விடுவது ஒன்று. தொடரின் பொருள் வகையையே மாற்றுவது இன்னொன்று. முதல் வழியைத் தொடரியல்காரர்கள் (வாக்கிய அமைப்பை ஆராய்பவர்கள்) விரும்புவார்கள், இரண்டாவதைத் தர்க்கப் பின்னணி உள்ளவர்கள். ஒரே பயிற்சியை இரண்டு வழியிலும் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தொடரியலும் பொருண்மையியலும் எங்கே பிரிகின்றன என்பது தெளியும்.

கையால் செய்யும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றே: மாறி பிடிபட்டுப்போவது. ஒரு சார்பு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "லாம்டா அ: ஏதோ ஒரு ஆ உண்டு, அந்த ஆ, அ-வை நேசிக்கிறது." இதற்குள் "ஆ" என்ற பெயருள்ள வேறொரு மாறியைச் செலுத்தினால் "ஏதோ ஒரு ஆ உண்டு, அந்த ஆ, ஆ-வை நேசிக்கிறது" என்று வரும். யாரோ ஒருவர் இன்னொருவரை நேசிப்பது போய், தன்னைத்தானே நேசிப்பதாகிவிட்டது. செலுத்துவதற்கு முன் உள்ளே கட்டுண்ட மாறியின் பெயரை "இ" என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும். அடி அடியாக எழுதுங்கள், ஓர் அடிக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டு அடியைச் சேர்த்துத் தாவினால் பிழை எங்கே நுழைந்தது என்று திருத்துகிறவருக்கும் தெரியாது.

நெய்தல்நிலா:

தரவு எடுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். தத்துவப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் குறை இங்கேதான். அவர்களுக்குத் தம் காதே போதும் என்ற நினைப்பு.

ஒரு வாக்கியத்தைச் சோதிக்கும்போது சூழலை முதலில் சொல்ல வேண்டும், வாக்கியம் பிறகு. "இந்த வாக்கியம் சரியா?" என்று மொட்டையாகக் கேட்டால் கேட்கப்பட்டவர் இலக்கணப் பிழை தேடுவார், அல்லது பள்ளிக்கூடத் தமிழில் திருத்தித் தருவார். "இந்த நிலைமையில இப்படிச் சொன்னா உண்மையா, பொய்யா, இல்ல ஒரு மாதிரியா இருக்கா?" என்று மூன்று பிடி கொடுங்கள். அமைப்பே உடைந்தால் உடுக்குறி (*), அமைப்பு சரி ஆனால் அந்தச் சூழலுக்கு ஒட்டவில்லை என்றால் கட்டக்குறி (#). இரண்டையும் கலந்து எழுதிய தரவு எதற்கும் உதவாது. பேச்சுத் தமிழில் எடுத்ததைப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள், நெல்லையில் கிடைக்கும் தீர்ப்பு யாழ்ப்பாணத்தில் மாறலாம்.

தமிழைக் கையில் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று. தத்துவவாதி டேவிட் காப்ளான் 1977-இல் எழுதி 1989-இல் அச்சான கட்டுரையில், "நான்", "இங்கே", "இப்போது" போன்ற சொற்களின் சூழலை மாற்றும் கருவி இயற்கை மொழியில் கிடையாது என்றார். அப்படி ஒன்று இருந்தால் அது "மான்ஸ்டர்" என்று பெயரும் வைத்தார். இதைப் பாருங்கள்:

"சீதா, தான் ஜெயிச்சிட்டேன்னு சொன்னா."

ஜெயித்தது சீதா. வினையோ தன்மை ஒருமை, "ஜெயிச்சிட்டேன்". எழுவாய் "தான்", "நான்" இல்லை. இது வெறும் நேர்கூற்று என்று தள்ளிவிட முடியாது. நேர்கூற்றானால் சீதா வாயில் "தான்" வந்திருக்காது. இன்னும் ஒரு சோதனை: உள்ளே ஒரு வினாச்சொல்லை வைத்து முழு வாக்கியத்தையும் கேள்வியாக்கிப் பாருங்கள். "சீதா, தான் எந்தப் போட்டியில ஜெயிச்சேன்னு சொன்னா?" இதற்கு "நூறு மீட்டர்ல" என்று பதில் வருகிறது. மேற்கோள் குறிக்குள் அடைபட்ட வாக்கியமாக இருந்தால் உள்ளேயிருக்கும் வினா வெளியே எட்டிப் பார்க்காது. தமிழின் இந்த எழுவாய்–வினை இயைபைப் பற்றி மொழியியலாளர் சந்தியா சுந்தரேசன் விரிவாக எழுதியிருக்கிறார். உலக அளவில் நடக்கும் விவாதத்தில் நம் அன்றாடப் பேச்சு சாட்சியாக நிற்கிறது!

கவனம் ஒன்று: எழுத்தில் "சீதா தான்" என்று போட்டால் "சீதாதான், வேறு யாருமில்லை" என்று வாசித்துவிடுவார்கள். சோதனையில் காற்புள்ளி போடுங்கள், வாயால் சொல்லும்போது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் தீர்ப்பு முழுவதும் வேறு வாக்கியத்துக்கானது.

மறுபக்கம்:

இழை முழுவதும் பொருண்மையியலாகவே போகிறது. மாறுபடுகிறேன். மொழியியலின் அடித்தளக் கேள்விகளைத் தொடாமல் லாம்டா மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அது கூட்டுப்பட்டம் ஆகாது.

"மொழி" என்று எதைச் சொல்கிறோம்? சோம்ஸ்கிக்கு அது ஒருவர் மூளைக்குள் இருக்கும் அறிவு நிலை (1986-இல் அகமொழி, புறமொழி என்று பிரித்தது இதற்காகவே). தத்துவவாதி டேவிட் லூயிஸுக்கு 1969-இலேயே அது ஒரு சமூகத்தின் வழக்காறு சார்ந்த விஷயம். ஜெரால்டு காட்ஸ் 1981-இல் எண்களைப் போல மனத்துக்கு வெளியே இருக்கும் அருவப் பொருள் என்றார். மூவரில் யார் சரி என்பதைப் பொறுத்து, எதைத் தரவு என்று எடுக்கலாம் என்பதே மாறும். சோம்ஸ்கியோ, சொல்லுக்கும் வெளியுலகப் பொருளுக்கும் நேர் உறவு என்ற கருத்தையே சந்தேகிப்பவர். எம்.ஐ.டி.யில் ஒரே கூரையின் கீழ் அதே உறவை அடிப்படையாகக் கொண்ட பொருண்மையியல் வளர்ந்தது. இந்த இழுபறியைப் புரிந்துகொள்ளாமல் பட்டம் மட்டும் வாங்கிப் பயன் என்ன?

ஒலியனியலிலும் (பொருளை வேறுபடுத்தும் ஒலிகளான ஒலியன்களை ஆராயும் பிரிவு) தத்துவம் இருக்கிறது. "பாவம்" என்று எழுதி, இரக்கத்தோடு சொல்லும்போது முதல் ஒலி ஒன்று, பரதநாட்டியத்தில் வரும் பாவத்தைச் சொல்லும்போது வேறொன்று. எழுத்து ஒன்றே. தமிழ் பேசுகிறவர் மனத்தில் இவை இரண்டு ஒலியன்களா, ஒன்றா? பஸ், பீச் என்று தினமும் சொல்கிறவர்களுக்கு விடை மாறுமா? ஒலியன் என்பது மனத்தில் உண்மையாக இருப்பதா, ஆய்வாளர் வரைந்த கோடா என்று மொழியியலாளர் சபீர் 1933-இல் கேட்டது இதே கேள்வி.

தொடைவிகற்பம்:

மறுபக்கம் சொல்வது நியாயம். முதல் பதிலில் இதை விட்டது குறையே. ஆனாலும் வரிசையில் மாற்றமில்லை என்பேன். காட்ஸ்–சோம்ஸ்கி சண்டையை முதல் வருடத்திலேயே கையில் கொடுத்தால் மாணவர் கட்சி சேர்வார், கட்டமைப்பு ஒன்றையும் தாமாகப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். ஒரு மொழியின் தொடரமைப்பை ஒருமுறையாவது சொந்தமாக அலசிய பிறகு அந்தக் கேள்விகள் எடை கூடி நிற்கும். மூன்றாம் வருடத்துக்குப் பொருத்தம்.

ஊகம்:

இந்திய மரபை யாரும் எடுக்கவில்லையே. கூட்டுப்படிப்பு நமக்குப் புதிதல்ல. நியாயம் (தர்க்கம்), மீமாம்சை (வேத விளக்கம்), வியாகரணம் (இலக்கணம்) என்ற மூன்று மரபும் ஒரே கேள்வியில்தான் ஆயிரம் வருடத்துக்கு மேல் மோதிக்கொண்டன: சொற்கள் தனித்தனியே பொருள் தந்து, பிறகு வாக்கியப் பொருள் சேர்கிறதா (குமாரிலர் தரப்பு), அல்லது மற்றச் சொற்களோடு இயைந்த பொருளையே ஒவ்வொரு சொல்லும் முதலிலிருந்து தருகிறதா (பிரபாகரர் தரப்பு)? பர்த்ருஹரி இன்னும் ஒரு படி போய், வாக்கியம்தான் பிரிக்க முடியாத முழுமை என்றார். பிரெகேயைப் படிக்கும் வகுப்பில் சொல்லிலிருந்து வாக்கியமா, வாக்கியத்திலிருந்து சொல்லா என்ற விவாதம் வரும்போது இவர்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பிமல் கிருஷ்ண மதிலால் அந்த வேலையைத் தொடங்கிவைத்தார்.

நுழைவாயில் வேண்டுமானால் அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம், 17-ஆம் நூற்றாண்டு, மிகச் சிறிய நூல். வாக்கியப் பொருள் தோன்ற மூன்று வேண்டும் என்கிறது. ஆகாங்க்ஷை, ஒரு சொல் இன்னொன்றை எதிர்பார்ப்பது: "பசு, குதிரை, மனிதன், யானை" என்று அடுக்கினால் அது இல்லை. யோக்யதை, பொருள் பொருந்துவது: "நெருப்பால் நனை" என்பதில் இல்லை. சன்னிதி, இடைவிடாமல் வருவது: "பசுவை" என்று இப்போதும் "கொண்டுவா" என்று சில மணி நேரம் கழித்தும் சொன்னால் இல்லை. முதலாவது தொடரியல், இரண்டாவது பொருண்மை. சோம்ஸ்கி 1957-இல் இலக்கணம் சரியாக இருந்து பொருள் பொருந்தாத வாக்கியத்தைக் காட்டியபோது பிரித்ததும் இந்த இரண்டைத்தான்.

தொல்காப்பியப் பெயரியலும் இங்கே வரும். "பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும் சொல்லின் ஆகும் என்மனார் புலவர்." சொல்லால் பொருளும் தெரியும், சொல்லே தன்னையும் காட்டும். "யானை பெரியது" என்பதற்கும் "யானை இரண்டெழுத்துச் சொல்" என்பதற்கும் உள்ள வேறுபாடு. மொழித்தத்துவ வகுப்பில் முதல் வாரப் பாடம் இது.

ஒன்று மட்டும்: "எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது" என்று கட்டுரை எழுதினால் மதிப்பெண் வராது, வரவும் கூடாது. குமாரிலருக்கும் பிரெகேக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று காட்டுவதில்தான் கட்டுரை இருக்கிறது.

அளவையாளன்:

கட்டுரை என்றதும் நினைவு வருகிறது. மொழியியலில் வீட்டுவேலை என்றால் கணக்குப் போல: தரவு தருவார்கள், விதி கண்டுபிடித்து, அதற்கு எதிரான உதாரணம் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். தத்துவத்தில் 1,500 சொல்லில் ஒரே ஒரு வாதம். ஒரு துறையின் பழக்கத்தை மற்றதில் கொண்டுபோய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மொழியியல் பழக்கத்தில் எழுதும் தத்துவக் கட்டுரை உதாரணப் பட்டியலாகிவிடும். தத்துவப் பழக்கத்தில் எழுதும் மொழியியல் வேலையில் மூன்று பக்கம் வாதம் இருக்கும், தரவு இரண்டே வாக்கியம் இருக்கும்.

வழக்கமான தலைப்பு ஒன்று: தத்துவவாதிகள் ரஸ்ஸலும் (1905) ஸ்ட்ராசனும் (1950) மோதியது. இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசும் வாக்கியம் பொய்யா, அல்லது உண்மை-பொய் என்ற கேள்வியே எழாதா? "எங்க மாடியில இருக்கிற யானை தூங்குது." ரஸ்ஸல் கணக்கில் இது பொய். ஸ்ட்ராசன் கணக்கில் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. பலவீனமான கட்டுரை முதல் பாதியில் ரஸ்ஸலையும் இரண்டாம் பாதியில் ஸ்ட்ராசனையும் சுருக்கிச் சொல்லி "இருவரிடமும் உண்மை உண்டு" என்று முடியும். நல்ல கட்டுரை எதிர்மறையைப் பிடிக்கும்: "எங்க மாடியில இருக்கிற யானை தூங்கல, ஏன்னா மாடியில யானையே இல்ல." இப்படிச் சொல்ல முடிகிறதா? முடிகிறது என்றால் ரஸ்ஸலுக்கு அது வலு. ஸ்ட்ராசன் தரப்பு இதை எப்படிச் சமாளிக்கும்? அந்த ஒரு இடத்தில் நின்று 1,500 சொல்லையும் செலவிடுங்கள்.

நெய்தல்நிலா:

அதோடு தமிழில் ஆங்கிலத்தைப் போலச் சுட்டு அடைமொழி (the போன்றது) கட்டாயமில்லை என்பதையும் சேர்க்கலாம். "புத்தகம் படிச்சேன்" என்பதில் எது என்பது முக்கியமில்லை, "புத்தகத்தைப் படிச்சேன்" என்றதும் கேட்பவருக்குத் தெரிந்த புத்தகம் ஒன்று வந்து உட்காருகிறது. இரண்டாம் வேற்றுமை உருபு இங்கே செய்யும் வேலையை ரஸ்ஸலின் கணக்கில் எழுத முயன்றால் ஒரு பருவத்துக்கான ஆய்வுத்தாள் தேறும்.

கயல்_சேலம்:

அருமை. இந்தியாவில் எங்கே என்பதற்கும் யாராவது சொன்னால் நல்லது.

ஊகம்:

இளநிலையில் இரண்டும் சேர்ந்த பட்டத்தைத் தேடி அலைவதைவிட, இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்துக்கு முதுநிலைக்குப் போவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஜே.என்.யு., ஹைதராபாத் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம் மூன்றிலும் மொழியியலும் தத்துவமும் உண்டு. ஒன்றில் சேர்ந்து மற்றதை விருப்பப் பாடமாக எடுக்க முடியுமா, எத்தனை கிரெடிட் வரை என்பதைச் சேருவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பார்க்கிறவர்களுக்கு: மொழியியலுக்கு அண்ணாமலை, பாரதியார் பல்கலைக்கழகங்கள். தத்துவத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், இளநிலை என்றால் சென்னை கிறித்துவக் கல்லூரி.

2022 ஏப்ரலிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. இரண்டும் நேரடி வகுப்பாக இருந்தால் நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை என்றும் வைக்கலாம். பிஎச்.டி.க்கு இது பொருந்தாது. மொழியியலை நேரில் படித்துக்கொண்டு இக்னோவில் தத்துவம் எம்.ஏ. சேர்வது இந்த வழியில் சாத்தியம். தலைகீழாகச் செய்ய வேண்டாம். ஒலிப்பு, தரவுப் பயிற்சி எல்லாம் எதிரே ஆசிரியர் இல்லாமல் வராது. தத்துவ வாசிப்பைத் தொலைநிலையில் ஓரளவு சமாளிக்கலாம்.

தேர்வு: கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டில் தத்துவம் 03, மொழியியல் 31, இரண்டும் தனித்தனிப் பாடங்கள். கேட் (GATE) தேர்வில் 2021 முதல் ஹியூமானிட்டீஸ்–சமூக அறிவியல் தாள் ஒன்று வந்திருக்கிறது. பொதுத் திறன் 15 மதிப்பெண், எல்லாருக்கும் பொதுவான தர்க்கமும் வாசித்தறிதலும் 25, விருப்பப் பிரிவு 60. விருப்பப் பிரிவில் மொழியியலும் இருக்கிறது, தத்துவமும் இருக்கிறது, ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஐ.ஐ.டி. ஹியூமானிட்டீஸ் துறைகளின் பிஎச்.டி.க்கு இது பயன்படும்.

தொடைவிகற்பம்:

ஐரோப்பாவில் முதுநிலை பார்க்கிறவர்களுக்கு ஆம்ஸ்டர்டாமின் 2 வருட தர்க்க முதுநிலைப் பட்டம் இந்தச் சேர்க்கைக்கு நெருக்கமானது, ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே நிறுவல் எழுதத் தெரியாமல் போனால் முதல் மாதத்திலேயே மூச்சு முட்டும். அளவையாளன் சொன்ன 13 வாரத்தை முடித்துவிட்டுத்தான் விண்ணப்பமே போட வேண்டும்.

காசில்லாமல் இன்றைக்கே தொடங்க எம்.ஐ.டி.யின் திறந்த பாடங்கள் இருக்கின்றன. 24.900 மொழியியல் அறிமுகம், 24.241 தர்க்கம், 24.251 மொழித்தத்துவம், 24.903 பொருண்மையியலும் பயன்வழியியலும் (சூழலில் பேச்சு எப்படிப் பொருள் தருகிறது என்பது). முதல் இரண்டையும் சேர்த்துத் தொடங்குங்கள், 24.903-ஐ அவை முடியும் முன் தொட வேண்டாம். விரிவுரைக் குறிப்புகளை வாசித்துவிட்டுப் பயிற்சித்தாளை விட்டுவிடுவது வழக்கம். தலைகீழாக, பயிற்சித்தாளை முதலில் எடுத்து முட்டிப் பார்த்துவிட்டுக் குறிப்புக்குப் போங்கள்.

கயல்_சேலம்:

கடைசியாக ஒன்று. "மழை பெய்யுதாம்" என்பதில் வரும் "ஆம்" இந்தப் படிப்பில் எங்கே வரும்? இதை ஒரு சிறு ஆய்வாக எடுத்துக்கொள்ளலாமா?

நெய்தல்நிலா:

தாராளமாக. கேள்வி இது: "ஆம்" வாக்கியத்தின் உண்மை-பொய்க்குள் சேருகிறதா, அல்லது பக்கத்தில் நின்று "நான் கேள்விப்பட்டது" என்று மட்டும் சொல்கிறதா?

மூன்று சோதனை போதும். ஒன்று, மறுப்பு: ஒருவர் "வெளிய மழை பெய்யுதாம்" என்கிறார், மற்றவர் "பொய்!" என்கிறார். மழையை மறுக்கிறாரா, யாரோ சொன்னார்கள் என்பதை மறுக்கிறாரா? இரண்டு சூழலையும் தனித்தனியே அமையுங்கள். ஒன்றில் மழை இல்லை ஆனால் செய்தி வந்தது, மற்றதில் மழை உண்டு ஆனால் யாரும் சொல்லவில்லை. இரண்டு, பேசுபவரின் நம்பிக்கை: "மழை பெய்யுதாம், எனக்கு நம்பிக்கை இல்ல" என்று தொடர முடிகிறதா? மூன்று, உள்ளடங்குதல்: நிபந்தனை வாக்கியத்துக்குள்ளும் "-ன்னு நினைச்சான்" என்பதற்குள்ளும் "ஆம்" போகுமா? போனால் யார் கேள்விப்பட்டதாகப் பொருள் வருகிறது, பேசுபவரா, நினைத்தவரா?

ஏழெட்டுப் பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டமாக உட்கார வைக்க வேண்டாம், ஒருவர் தீர்ப்பு மற்றவரை இழுத்துவிடும். வாக்கிய வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். நடுவில் "ஆம்" இல்லாத வாக்கியங்களையும் கலந்து வையுங்கள், எதைச் சோதிக்கிறீர்கள் என்று தெரியாமல் இருக்கட்டும். கதை சொல்லும் "ஆம்" (ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்) தனி வகை, அதை முதல் சுற்றில் சேர்க்காதீர்கள். தரவு வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறோம்.